பேச்சியம்மாவின் ஆறு போத்தல்கள்

சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்ததும் வெற்றிலை வாசம் அடித்தது.

தம்பிராசா கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். வழக்கமாக அந்தப் பெட்டியைத் திறந்தால் வெந்த கண்ணாடியின் சூடும், கன்றுக்குட்டி இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரின் இலேசான இனிப்பு வாசமும், துடைத்த ஸ்பிரிட்டின் காரமும்தான் முகத்தில் வந்து மோதும். இன்றைக்கு அவற்றுக்கெல்லாம் மேலாக, மென்று அடக்கிய வெற்றிலையும், மழையில் நனைந்து உடம்புச் சூட்டில் பாதி காய்ந்த சாக்கும், நகத்தில் நசுங்கிய பச்சைக் கொழுந்தும் சேர்ந்த ஒரு வாசம் மெதுவாக வெளியே வந்து அவருடைய சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. மலைக்கு வந்த பதினாறு வருடமாக அவர் மூக்கில் ஏறிய வாசம்தான் அது. டிஸ்பென்சரி வாசலில் மருந்துக்கு வரிசை நிற்கும் பெண்கள் எல்லாரிடமும் அடிக்கும் வாசம். ஆனால் இந்தப் பங்களாவுக்குள் அவரைத் தவிர யாரும் வருவதில்லை. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவருக்கு வெற்றிலை போடும் பழக்கமும் கிடையாது.

சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். வெறும் சவர்க்கார வாசம். ‘தோட்டம் முழுக்க வெத்திலைதானே, என்ரை மூக்கிலை ஒட்டிக் கிடக்குதாக்கும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முதல் போத்தலை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார்.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாத மழை மஸ்கெலியாப் பக்கத்து மலைகளைப் பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் மூடி வைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, அதற்குப் பின்னால் எங்கோ தேயிலை, அதற்கும் கீழே எங்கோ ஃபெக்டரியின் காற்றாடிகள் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தன. ஹட்டனிலிருந்து வரும் பாதையில் மண் சரிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. பஸ் இல்லை, தபால் இல்லை. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் அந்தப் போத்தல்களுக்கான சாப்பாடும் இல்லை.

அதனால்தான் அவர் பயந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய நீரை ஊற்றிவிட்டுப் புதிய ஊட்டநீர் விட வேண்டும். ஒரு தவணை தவறினாலே உள்ளே இருப்பவை சுருங்கிச் செத்துக் கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும், நீர் கலங்கிவிடும். இங்கே மூன்று தவணை தவறியிருந்தது. ஆனால் அவர் கையில் இருந்த போத்தலில் நீர் தெளிவாக இருந்தது. பொழுது விடியும்போது மலை உச்சியில் தெரியும் நிறத்தில், நல்ல இளஞ்சிவப்பாக இருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்த்தார். உயிர்க்கலங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இடைவெளி இல்லாமல், கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தன. இரண்டாவது போத்தலும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான்.

அந்த ஆறு போத்தல்களிலும் இருந்தது பேச்சியம்மா.

பேச்சியம்மா இந்த ஊசிமலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். அவள் செத்து நாலு மாதம் ஆகிறது. அவளுடைய கருப்பைவாய்க் கட்டியிலிருந்து வெட்டிய, கொத்தமல்லி விதையளவு துண்டு ஒன்று சாகவில்லை. இதைச் செய்து காட்டியவர் கொழும்பு டாக்டர். சீமைக்குப் போய் மனித உடம்பின் கலங்களைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர். புற்றுநோய்க் கலங்களை இப்படி வளர்த்து, ஒவ்வொரு மருந்தாக அவற்றின்மேல் விட்டுப் பார்த்தால், நோயாளியைத் தொந்தரவு செய்யாமலே எது கொல்லும் எது கொல்லாது என்று கண்டுபிடிக்கலாம் என்பார். கொழும்பு வெக்கையில் போத்தல்களில் பூஞ்சணம் பிடித்ததால், தோட்டத்துத் துரையிடம் கேட்டுக் காலியாகக் கிடந்த சின்னத்துரை பங்களாவை வாங்கிக்கொண்டார். மாதம் இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் பார்த்துக்கொள்ள, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் தம்பிராசாவுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர். குற்றம் அவர்மேல் இல்லை. அதைத் தம்பிராசா தன் மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் மீதிக் குற்றம் தன் தலையில்தான் வந்து விழுந்தது.

தமிழ் தெரியாத டாக்டர், பேச்சியம்மாவைச் சோதித்த அன்றைக்கு ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னார். இந்த அம்மாவின் நோய் முற்றிவிட்டது, சுகப்படுத்த நம்மிடம் மருந்து இல்லை என்று சொல்லுங்கள். கட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்துப் போத்தலில் வளர்க்க விரும்புகிறேன், சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

தம்பிராசா கட்டிலில் படுத்திருந்த பேச்சியம்மா பக்கம் திரும்பினார்.

“பயப்பிடாதை. ஒரு சின்ன வேலைதான். சுகமாகிடும்.”

“ஐயா சொன்னா சரிங்க” என்றாள் அவள். பிறகு வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தம்பிராசா டாக்டரிடம் திரும்பி, சம்மதம் என்கிறாள் என்றார். அவ்வளவுதான் நடந்தது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்த மாதம்தான் அவர் மனைவி கனகாம்பிகையின் மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டியை அவர் விரல் கண்டுபிடித்திருந்தது. இந்த ஆராய்ச்சி நடந்தே ஆக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

பத்து நாள் கழித்துப் பேச்சியம்மா டிஸ்பென்சரிக்கு வந்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, எம் ஒடம்புல வெட்டுனத எங்கங்க போட்டீங்க?”

“ஏன் கேக்கிறாய்?”

“பொதைக்கணுங்க. புள்ளை பொறந்தா நஞ்சுக்கொடிய பொதைக்கிறோம்ல, அந்த மாதிரிங்க. ஒடம்புல ஒரு துண்டு வெளிய கெடந்தா உசிரு எங்கயும் போவாதுங்க, அதையே தேடிக்கிட்டு அலையும்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால், சைப்பிரஸ் மரத்தடியில் தாட்டுவிட்டதாகச் சொன்னார். வெறும் மண்ணைக் கை நீட்டிக் காட்டினார். பேச்சியம்மா அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் கொளுத்தினாள். நடக்க முடியாமல் போன பிறகு அவள் மகள் நாகலெட்சுமி வந்து கொளுத்தினாள். தம்பிராசா மருந்து கலக்கும் அறை ஜன்னலுக்கு நேரே அந்தக் கல். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சியம்மா செத்த அன்று காலையில் நாகலெட்சுமி அழுத முகத்தோடு வந்து, அந்தத் துண்டைத் தோண்டி எடுத்து ஆத்தாளோடு சேர்த்து அடக்கம் செய்யப் போகிறோம், மத்தியானத்துக்குமேல் ஆளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தோண்டினால் ஒன்றும் இருக்காது. தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். தம்பிராசா வீட்டுச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த ஆட்டு ஈரலில் ஒரு துண்டை அறுத்து, டிஸ்பென்சரிப் பஞ்சுத் துணியில் சுற்றி, எல்லாரும் சாவு வீட்டில் இருந்த நேரம் பார்த்து, மழைக்குள்ளே மண்வெட்டியோடு போய்ப் புதைத்தார்.

மத்தியானம் தோண்டியது நாகலெட்சுமியின் புருஷன் சோலைமலை. பொட்டலத்தை நாகலெட்சுமி இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொண்டுபோய்த் தாயின் நெஞ்சில் வைத்தாள். பிறகு குழிமேட்டிலிருந்து திரும்பும்போது தம்பிராசாவின் முன்னால் நின்று கும்பிட்டு, “ஐயா புண்ணியத்துல எங்க ஆத்தா முழுசாப் போயிருச்சுங்க” என்றாள்.

அந்தக் கும்பிடை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. போதாக்குறைக்கு நாகலெட்சுமி அன்றிலிருந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூப்பிடாமலே அவருடைய குவாட்டர்ஸுக்கு வரத் தொடங்கினாள். படுத்த படுக்கையாகிவிட்ட கனகாம்பிகைக்குத் தலை வாரி, கால் பிடித்து, துணி துவைத்துப் போட்டாள். சம்பளம் கொடுத்தால் வாங்கமாட்டாள். ஐயா செய்ததற்கு நான் செய்கிறேன் என்பாள். தம்பிராசா அவள் இருக்கும் நேரம் வீட்டுக்குள் போவதைத் தவிர்த்து, மழையில் கோழி மாதிரி வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவும் இருக்கட்டும், கனகாம்பிகை பிழைத்தால் போதும் என்பதுதான் அவருடைய கணக்கு. அவள் பிழைக்க வேண்டும், நாகலெட்சுமிக்கு எதுவும் தெரியக்கூடாது. இந்த இரண்டைத் தவிர அவர் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

டாக்டர் எலிகளுக்கு ஒரு ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலில் வளர்ந்த புற்றுக் கலங்களைச் சூட்டில் சாகடித்து, அந்தக் கரைசலைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றினால், உடம்பு எதிரியின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே இருக்கும் கட்டியோடு சண்டைக்குப் போகும் என்பது அவருடைய எண்ணம். சில எலிகள் தேறின. மனிதருக்குப் போட எத்தனை காலம் ஆகும் என்று தம்பிராசா ஒருநாள் கேட்டார். ஐந்து வருடமாவது ஆகும், அவசரப்பட்டால் கொலை என்றார் டாக்டர். கனகாம்பிகைக்கு ஐந்து மாதம்கூட இல்லை.

பாதை அடைபட்ட அன்று, இனி டாக்டர் வரமாட்டார் என்று தெரிந்ததும், தம்பிராசா ஒரு போத்தலிலிருந்து கொஞ்சம் எடுத்து வெந்நீர்ச் சட்டியில் ஒரு மணிநேரம் வைத்துச் சாகடித்தார். செத்துவிட்டதா என்று நுணுக்குக்காட்டியில் இரண்டு தடவை பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோய், சத்து ஊசி என்று சொல்லி மனைவியின் கையில் ஏற்றினார். அவளிடமும் கேட்கவில்லை. மூன்று நாள் விட்டு இரண்டாவது. மறுபடி மூன்று நாள் விட்டு மூன்றாவது.

அவள் தேறினாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு நோவே தெரியேல்லை” என்று கனகாம்பிகை இரண்டாவது ஊசிக்கு மறுநாள் எழுந்து உட்கார்ந்து சொன்னபோது அவர் குசினிக்குள் போய் அழுதார். கட்டி இளகி, சுருங்கி, விரலுக்கு எட்டாமல் ஒளிந்துகொண்டிருந்தது. பசி வந்துவிட்டது. பால் கோப்பியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத யாழ்ப்பாணத்துக்காரி, ஒருநாள் பாலும் சீனியும் போடாத தேயிலைச் சாயத்தண்ணி கேட்டு வாங்கி, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். குளிருக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டார். நேற்று விடியற்காலை, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்புச் சத்தம் கீழே தொழிலாளர் லயத்தில் கேட்டதும், தூக்கத்திலேயே விறுக்கென்று எழுந்து உட்கார்ந்து ஏதோ சொன்னாள். “வந்துட்டேங்க” என்று சொன்ன மாதிரி இருந்தது. கனவாக இருக்கும். நாகலெட்சுமியின் பேச்சு தினமும் காதில் விழுகிறதல்லவா, ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா?

இன்றைக்கு நாலாவது ஊசி. அதை எடுக்கத்தான் வந்திருந்தார்.

அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடிக் குழாய் கண்ணில் பட்டது. மூன்றாவது ஊசிக்குச் சாகடித்ததில் மிஞ்சியது. கழுவி வைக்க மறந்து மூன்று நாளாக அந்தக் குளிரில், சூட்டுப்பெட்டிக்கு வெளியே, ஊட்டநீர் ஒரு துளிகூட இல்லாமல் கிடந்திருக்கிறது. அதன் அடியில் பால் ஆடை மாதிரி ஒரு படலம் தெரிந்தது. செத்தவை அழுகியிருக்கும். அழுகியிருந்தால் வாடை வர வேண்டும். மூடியைத் திறந்தார். வெற்றிலை வாசம்.

குழாயைப் படுக்க வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கண்ணை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கலங்கள் தட்டையாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று உருண்டு திரண்டது. இடுப்பு ஒடுங்கியது. இரண்டானது. இதற்கு அரை மணிநேரமாவது பிடிக்கும். டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது பொறுத்திருந்து பார்த்திருக்கிறார். இப்போது அவர் மூச்சுவிடும் நேரத்துக்குள் நடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று.

அவர் சாகடித்தவை அவை. ஒரு மணிநேரம் வெந்நீரில் வைத்தவை. அவற்றைத்தான் மூன்று தடவை கனகாம்பிகையின் இரத்தத்தில் ஏற்றியிருக்கிறார்.

மேசைக்குக் கீழே கிருமி கொல்லும் கார்பாலிக் போத்தல் இருந்தது. அதை எடுத்தார். ஆறு போத்தலிலும் ஊற்றினால் முடிந்தது. கோர்க்கைத் திறந்தார், காரம் மூக்கைச் சுட்டது. முதல் போத்தலின் வாய்க்கு நேரே சாய்த்தவர் அப்படியே நின்றார். ஊற்றிவிட்டால் நாலாவது ஊசி இல்லை. கனகாம்பிகை நேற்று கட்டிலை விட்டு இறங்கி ஜன்னல்வரை நடந்தாள். நாலாவது ஊசி போட்ட எலிகள்தான் முழுசாகத் தேறின, மூன்றோடு நிறுத்தியவை திரும்பவும் படுத்துச் செத்தன. கார்பாலிக்கைக் கீழே வைத்தார். தன்னைப் பார்க்க அந்த அறையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார், நினைத்தவுடன் கூச்சத்தில் காது மடல் சுட்டது.

ஒரு போத்தலிலிருந்து கொஞ்சம் எடுத்து வெந்நீர்ச் சட்டியில் வைத்து அடுப்பில் ஏற்றினார். இந்த முறை இரண்டு மணிநேரம் வைக்கலாம். எதுவும் தப்பாது.

மணி மூன்றரை. நாலரை. ஐந்தரை. மழை தகரக் கூரையில் சீராகப் பெய்துகொண்டிருந்தது. அதன் ஊடாக இன்னொரு சத்தம் எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. மிகச் சின்னச் சத்தம். டக், டக், டக். ஈரமான, பச்சையான ஏதோ ஒன்று நகத்தில் ஒடிபடும் சத்தம். இரண்டு கையும் மாறி மாறி. மலைச் சரிவில் ஐம்பது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளும்போது பாதையில் போகிறவனுக்குக் கேட்கும் அதே சத்தம். ஜன்னல் பக்கம் காதை வைத்தார். வெளியே இல்லை. சுவர்ப் பக்கம். இல்லை.

சூட்டுப்பெட்டியிலிருந்து வந்தது.

அவர் அதைத் திறக்கவில்லை. முதுகைக் காட்டாமல் பின்னுக்கே நடந்து போய்ச் சட்டியை இறக்கினார். சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. கரைசலை ஊசிக்குழாயில் இழுத்தார். சட்டைப்பையில் போட்டார். கதவைப் பூட்டினார். பூட்டிய பிறகும் கேட்டது. டக், டக்.

குவாட்டர்ஸுக்குக் கால் மைல். மூடுபனி முழங்காலுக்குக் கீழே தரையைக் காட்டவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை. கால் பழக்கத்தில் இறங்கியது. சட்டைப்பைக்குள் ஊசிக்குழாய் இதமாக நெஞ்சில் சுட்டது. ‘சுகமாகிடும்’ என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல்லை யாரிடம் சொன்னோம் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். வேகமாக நடந்தார். ஓடினார்.

வாசல் கதவு திறந்திருந்தது. விளக்கு ஏற்றவில்லை. நாகலெட்சுமியின் கூடை படியில் கவிழ்த்து வைத்திருந்தது, அவள் வந்துவிட்டாள். உள்ளே பேச்சுக் குரல். பெண்பிள்ளைகள் இருவர் சாவகாசமாகப் பேசிக்கொள்ளும் குரல். அவருக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. ஒரு கணம்தான்.

“தலைய ஏன்டி இப்புடி வச்சிருக்க, லெச்சு? எண்ணெ வைக்க ஒனக்கு ஆளா இல்ல?”

குரல் கனகாம்பிகையுடையது. பேச்சு அவளுடையது இல்லை. நாகலெட்சுமியை லெச்சு என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

தம்பிராசா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கட்டில் காலியாக இருந்தது. கனகாம்பிகை தரையில், சுவரோரமாக, சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து செருகிக்கொண்டு குந்தியிருந்தாள். இருபது வருடத்தில் அவள் அப்படித் தரையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அவள் மடியில் நாகலெட்சுமி தலை சாய்த்துப் படுத்திருந்தாள். கண்ணீர் காதோரமாக வழிந்துகொண்டிருந்தது, பயந்து அழுகிற அழுகையாக அது தெரியவில்லை.

கனகாம்பிகை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்தவுடன் உடம்பைக் குறுக்கி, இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள்.

“ஐயா வந்துட்டீங்களா? கட்டில்ல கெடந்துட்டேங்க. கோவிச்சுக்காதீங்க.”

“கனகம்” என்றார்.

“ஆத்தா” என்றாள் நாகலெட்சுமி, மடியிலிருந்து தலையைத் தூக்காமலே, சின்னப் பிள்ளை கேட்பதுபோல. “நாங்க ஒன்னய முழுசாத்தானே பொதைச்சோம்?”

“எனக்கு என்னாடி தெரியும்? நான் சூட்டுக்குள்ள கெடந்தேன். ஐயாவ கேளு.”

நாகலெட்சுமி மெதுவாகத் திரும்பிப் படுத்து அவரைப் பார்த்தாள். குழிமேட்டில் கும்பிட்ட அதே முகம். அதில் கோபம் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். தம்பிராசாவின் வாய் திறந்தது. ‘இல்லை’ என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு சொல். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று. அவள் மறுபடி மடிப் பக்கம் திரும்பி முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“கதவ சாத்துங்க, ஐயா” என்றாள். “எங்க ஆத்தாளுக்குக் குளிருது.”

அவர் சாத்தவில்லை. நிலைப்படியிலேயே நின்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கனகாம்பிகையின் இரண்டு கைகளும் நாகலெட்சுமியின் தலைமயிரை வகிர்ந்து, பார்த்து, கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. வேகமான, பழகிய கைகள். வாய் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சிரிப்பு கலையாமலே, உதடு பெரிதாக அசையாமலே, அடியாழத்திலிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது. அவர் நன்றாக அறிந்த, கனகாம்பிகையின் சொந்தப் பேச்சு.

“இஞ்சாருங்கோ… எங்கை நிக்கிறியள்? எனக்கு ஒண்டும் தெரியுதில்லை. என்ரை கையைப் பிடியுங்கோ. இது நான் செய்யேல்லை. இந்தக் கை நிக்குதில்லை.”

கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் சிரித்தது. கைகள் வகிர்ந்தன, கிள்ளின, வகிர்ந்தன, கிள்ளின.